வாயால கேட்டா உங்கட கடை அம்புடுமா?

இந்த முறை வந்த கேள்வியெல்லாத்தயும் மேசையில பரப்பி வச்சுப் பாத்தா முக்கால்வாசி ஒரே விசயம்தான், சாமான ஒன்லைன்ல போட்டிருக்கம், ஆக்கள் போனுக்கிட்ட வாயால கேக்கிறாங்க, எங்கட சாமான் மட்டும் வருதில்ல, என்ன செய்யுறது எண்டு. அதனால பக்கம் முழுக்க அதுக்கே குடுத்திட்டன். பல்லு வலிக்கும் பாஸ்போட்டுக்கும் கேள்வி அனுப்பின ஆக்கள் அடுத்த இதழ் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல எங்கட வீட்டுக் கதை ஒண்டு. அம்மாக்கு எழுத வாசிக்க வடிவாத் தெரியும், ஆனா போன்ல அந்தச் சின்னச் சின்ன எழுத்தத் தேடித்தேடி அமத்திறதுக்குப் பொறுமையும் இல்ல கண்ணும் இல்ல. மைக்க அமத்திப்போட்டு பக்கத்து வீட்டு ஆளோட கதைக்கிற மாதிரியே கதைப்பா. போன கிழமை இப்பிடித்தான், "என்னகா, நல்ல கட்டித் தயிர் சட்டியோட எங்க இரிக்கு, இண்டைக்குப் பின்னேரம் எடுக்க ஏலுமா" எண்டு கேட்டா. போன் கொஞ்சம் சுத்திப்போட்டு வீட்டில தயிர் உறைய வைக்கிறது எப்பிடி எண்டு ஒரு தமிழ்நாட்டு வீடியோவக் காட்டிச்சு. எங்கட படலையில இருந்து 500 மீற்றர் தூரத்தில எருமைத் தயிர்க் கடை ஒண்டு இருக்கு, அந்தக் கடைக்குப் பேஸ்புக் பக்கமும் இருக்கு. போய்ப் பாத்தன். இங்கிலீஷ்ல ரெண்டு சொல்லு எழுதின ஒரு படம், கீழ ஒரு பூ, ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அம்மா கேட்ட ஒரு வசனத்துக்குள்ள என்ன சாமான், எப்பிடிப்பட்டது, எங்க, எப்ப எண்டு நாலு கேள்வி இருக்கு, அந்தப் பக்கத்தில ஒண்டுக்கும் பதில் இல்ல.

இனி கேள்விகள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன். எங்கட குடும்பம் மூணு தலைமுறையா தறிக்காரங்க. நான் சின்னதா ஒரு வெப்சைட் செய்து 14 வகை சாரன் போட்டிருக்கன், போட்டோ எல்லாம் நல்ல கிளியர். கூட்டாளி ஒருத்தன் போன்ல "மருதமுனை சாரன் என்ன விலை" எண்டு கேட்டுப் பாத்தான், மத்தவங்கட எல்லாம் வந்திச்சு, எங்கட வரல்ல. எங்க பிழை விட்டன்?
சாரன்காரன், மருதமுனை

பதில்: வஅலைக்கும் சலாம் தம்பி. நீங்க அனுப்பின லிங்க்க பாத்தன். முதலாவது சாரனுக்கு டைட்டில் "பிரீமியம் கொட்டன் ஹேண்ட்லூம் எம்கே 07", அதுவும் இங்கிலீஷ் எழுத்தில. தம்பி, உங்கட உம்மா வாப்பாட்ட யாராவது வந்து எம்கே 07 ஒண்டு தாங்க எண்டு கேட்டிருக்கிறாங்களா?

போன் செய்யுறது ரெண்டு வேலை. நீங்க கதைக்கிற சத்தத்த எழுத்தாக்குறது ஒண்டு, அந்த எழுத்த வச்சு வழமை மாதிரித் தேடுறது மற்றது. அதனால குரலுக்கெண்டு தனியா வெப்சைட் செய்யத் தேவையில்ல, ஆனா வாயில இருந்து வாற எழுத்தும் உங்கட பக்கத்தில இருக்கிற எழுத்தும் ஒண்டோட ஒண்டு பொருந்தவேணும். விரலால தேடுற ஆள் "மருதமுனை சாரம்" எண்டு ரெண்டு சொல்லோட நிப்பாட்டிடுவார். வாயால கேக்கிற ஆள் அப்பிடி நிக்கமாட்டார், "வாப்பாக்குப் பெருநாளைக்குக் குடுக்க மருதமுனை சாரன் நல்லது ஒண்டு என்ன விலை வரும்" எண்டு முழுசா கேப்பார். கூகுளும் இப்ப சொல்ல மட்டும் பிடிச்சுத் தேடுறதில்ல, 2013ல ஹம்மிங்பேர்ட் எண்டு ஒரு மாற்றம் கொண்டுவந்து முழு வசனத்திட கருத்தையும் பாக்கத் தொடங்கினாங்க, 2019ல பேர்ட் எண்டு இன்னொண்டு வந்துது, அது வசனத்துக்குள்ள கிடக்கிற சின்னச் சின்னச் சொல்லையும் கணக்கெடுக்கும். நம்மட பாசையில சொன்னா கொழும்புக்கு அனுப்புற சாரனும் கொழும்பில இருந்து வாற சாரனும் வேற வேற தானே, அந்த மாதிரி.

இன்னொண்டு. உங்க ஆக்கள் சாரன் எண்டு சொல்லுவாங்க, எங்கட பக்கம் சாரம், இந்தியால லுங்கி, கைலி. சாரம் எண்டா தமிழ்நாட்டில கட்டடத்துக்குப் பலகையும் கம்பும் கட்டி ஏறுறதுக்கும் அதே பேர்தான். அதனால சும்மா சாரம் எண்டு மட்டும் போட்டா கூகுளுக்குத் தலை சுத்தும், கைத்தறி, பருத்தி, உடுக்கிறது எண்டு பக்கத்தில ரெண்டு சொல்லு நிக்கவேணும். நான் எழுதினா டைட்டில் இப்பிடி இருக்கும்: மருதமுனை கைத்தறிச் சாரன், வெள்ளையில நீலக் கரை, மூட்டினது. எம்கே 07 உங்கட கணக்குக்குத் தேவையெண்டா அடியில சின்னதாப் போடுங்க.

கீழ விபரம் எழுதேக்க முதல் ரெண்டு வசனத்திலயே விசயம் முடியவேணும். "இது மருதமுனையில கைத்தறியில நெய்த பருத்திச் சாரன், லுங்கி எண்டும் சொல்லுவாங்க. விலை 1,950 ரூபா, மூட்டித்தான் வரும், உயரமான ஆளுக்கும் காணும்." விலை நான் உதாரணத்துக்குப் போட்டது, உங்கட விலையப் போடுங்க. இப்ப அங்க இருக்கிறது என்ன? "பாரம்பரியத்தின் பெருமையைப் பறைசாற்றும் எழில்மிகு படைப்பு". இத வாசிச்சு ஒருத்தரும் சாரன் வாங்கப்போறதும் இல்ல, போனுக்கிட்ட எழில்மிகு படைப்பு வேணும் எண்டு கேக்கப்போறதும் இல்ல.

என்ன எழுதுறதெண்டு தெரியாட்டி ஒரு வேலை செய்யுங்க. நாப்பது பக்கக் கொப்பி ஒண்டு வாங்கி போனுக்குப் பக்கத்தில வைங்க. ஒரு கிழமைக்கு ஆக்கள் கோல் எடுத்து என்ன கேக்கிறாங்களோ அத அவங்க கேட்ட சொல்லாலயே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க. சாயம் போகுமா, மூட்டினதா மூட்டாததா, கைத்தறியா மெசினா, நோன்புப் பெருநாளைக்கு முந்தி அக்கரைப்பற்றுக்கு வந்து சேருமா, ரெண்டு எடுத்தா குறைப்பீங்களா. இதுதான் உங்கட லிஸ்டிங், அதாவது சாமானப் பத்திப் பக்கத்தில போடவேண்டிய விபரம். கொப்பிய அப்பிடியே பாத்து எழுதினாக் காணும். உங்கட வாப்பா கடையில நிண்டு ஒரு நாளைக்கு முப்பது தரம் சொல்லுற பதில்தான் அது, எழுத்தில மட்டும் இன்னும் வரல்ல.

சோதிச்சுப் பாக்கிறதுக்கு முந்தி உங்கட போன் செட்டிங்ல குரல் மொழிய ஒருக்காப் பாருங்க. கூகுள் 2017 ஆகஸ்ட்லதான் குரல் தேடலுக்குள்ள தமிழச் சேத்தது, லிஸ்ட்ல தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை எண்டு வேற வேறயா இருக்கும். இலங்கையப் போடுங்க. கனக்கப் பேர் இங்கிலீஷ்லயே விட்டுப்போட்டு தமிழ்ல கத்திட்டு போன் செவிடு எண்டு ஏசுறாங்க.

கேள்வி: அண்ணே, நான் வீட்டில இருந்து கூனி, நெத்தலிக் கருவாடு, மாசித்தூள் பைக்கட் பண்ணி விக்கிறன். மகன் கொம்பியூட்டர்ல போஸ்டர் அடிச்சுத் தருவான், நான் பேஸ்புக்ல போட்டு விலைக்கு இன்பொக்ஸ் வாங்க எண்டு எழுதுவன். எங்கட பெரியம்மாட மகள் போன்ல கூனி எங்க வாங்கலாம் எண்டு கேட்டா கூலி வேலை எண்டு வருதாம். சிரிப்பா இருந்தாலும் வயித்தெரிச்சலா இருக்கு.
கருவாட்டுக்காரி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, சிரிச்சுப்போட்டுத்தான் நானும் என்ட போன்ல கேட்டுப் பாத்தன். எனக்கும் ஒருக்கா கூலி, ஒருக்கா கூனிய ஒழுங்கா எழுதிச்சு. "கூனி இறால் கருவாடு" எண்டு சேத்துச் சொன்னா ஒரு தரமும் பிழைக்கல்ல. அது ஏனெண்டா போன் சத்தத்த மட்டும் கேட்டு எழுதுறதில்ல, பக்கத்தில என்ன சொல்லு வருதெண்டு பாத்து எது பொருந்தும் எண்டு ஊகிச்சுத்தான் எழுதும், தனிச் சொல்லெண்டா ஊகிக்க ஒண்டும் இல்ல. அதனால நீங்களும் பைக்கட் பேர கூனி எண்டு மட்டும் வைக்காம "கூனி இறால் கருவாடு" எண்டு வைங்க. வாங்குற ஆக்களும் பைக்கட்டப் பாத்துப் பாத்து அப்பிடியே கேக்கப் பழகிடுவாங்க. அதுக்காக கூலி எண்டும் ஒரு சொல்ல உள்ளுக்க ஒளிச்சு வைப்பம் எண்டு மகன் சொன்னா வேணாம் எண்டுங்க, அது கள்ள வேலை, கூகுள் அத ஸ்பாம் எண்டு கணக்கெடுக்கும்.

பெரிய பிரச்சினை போஸ்டர்தான். படத்துக்குள்ள இருக்கிற எழுத்த நம்பி இருக்கக்கூடாது, கீழ எழுத்தாவும் இருக்கவேணும். ரெண்டாவது, நீங்க அனுப்பின சாம்பிள்ல கீழ எழுதியிருந்தது எனக்குக் குப்பை எழுத்தாத்தான் வந்திச்சு, மகன் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு அப்பிடியே ஒட்டியிருக்கிறான் போல. பாமினி எண்டுறது எழுத்தில்ல தங்கச்சி, வேசம். பாமினில அம்மா எண்டு அடிச்சா கொம்பியூட்டருக்குள்ள பதியிறது எம், கே, செமிகோலன், கே, எச். மேல ஒரு தமிழ்ச் சட்டையப் போட்டு எங்களுக்குக் காட்டுது. அச்சுக்கடைக்கு அது போதும், ஆனா தேடுற கூகுளுக்கு அந்தச் சட்டை தெரியாது. யூனிகோட்ல, அதாவது எந்தக் கொம்பியூட்டருக்கும் போனுக்கும் தமிழாவே விளங்குற முறையில, அடிக்கச் சொல்லுங்க, போன்ல அடிக்கிறதெல்லாம் யூனிகோட்தான், இல்லாட்டி மைக்க அமத்தி நீங்களே வாயால சொல்லி எழுதுவியுங்க. அதில ஒரு லாபம் இருக்கு, போன் உங்கட வாயில இருந்து எப்பிடி எழுதுதோ அப்பிடித்தான் வாங்குற ஆளிட வாயில இருந்தும் எழுதும்.

மூணாவது அந்த இன்பொக்ஸ். இதப் பத்தி நான் போற இடமெல்லாம் சண்டை பிடிக்கிறன். "கால் கிலோ கூனி என்ன விலை" எண்டு ஒருத்தி சமைச்சுக்கொண்டு கரண்டியும் கையுமா கேக்கிறா, உங்கட பக்கத்தில விலை இல்ல, விலை போட்டிருக்கிற ஆள்ட பக்கம்தான் அவக்கு உதவும். போட்டிக்காரன் பாத்திடுவான் எண்டு பயந்தா அவன் தெரியாத நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ் போட்டே கேட்டிடுவான். மறைக்கிறது வாங்க வாற ஆளுக்கு மட்டும்தான்.

எழுத்தா போடேக்க வேற என்ன எழுதலாம்? கல்லு மண் இல்லாம துப்புரவாக்கினதா, உப்புக் கூடவா, எத்தன நாள் வச்சுக்கொள்ளலாம், கால் கிலோ எத்தன பேருக்குக் காணும். முருங்கையிலைச் சுண்டலுக்குப் போடலாமா எண்டும் கேப்பாங்க, போடலாம் எண்டு எழுதுங்க, "முருங்கையிலை சுண்டுறதுக்கு என்ன போடுற" எண்டு கேட்ட ஆளும் அந்த வழியால உங்களிட்ட வந்து சேரும்.

பேஸ்புக்கோட நிக்காம கடைட பேர், நேரம், இடம் எல்லாம் கூகுள்ல காட்டுற கூகுள் பிசினஸ் புரொபைல் ஒண்டும் திறங்க, சல்லிக்காசு செலவில்ல. நீங்க ஆக்கள்ட வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிற எண்டா உங்கட வீட்டு விலாசத்த மறைச்சுப்போட்டு டெலிவரி செய்யுற ஊர்கள மட்டும் காட்டலாம், 20 இடம் வரைக்கும் போட ஏலும். பொம்புளப் புள்ள தனிய இருக்கிற வீடு, விலாசம் போடப் பயமா இருக்கு எண்டு வேற ரெண்டு பேரும் எழுதியிருந்தாங்க, அவங்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தம்பி, எங்கட தொதல் கடைக்குக் கூகுள்ல பேர் பதியப்போறம். ஒரு பொடியன் சொல்றான் கடைப் பேர "எனக்குக் கிட்ட உள்ள சிறந்த தொதல் மஸ்கட் இனிப்புக் கடை காத்தான்குடி" எண்டு போட்டா வாயால தேடுற எல்லாருக்கும் முதல்ல வருமாம். மெய்யா?
வாசகர், காத்தான்குடி

பதில்: வேணாம் நானா. ஆக்கள் "கிட்ட எங்க இருக்கு" எண்டு கேட்டா அந்தக் கிட்டவ கூகுள் உங்கட பேரில தேடுறதில்ல, கேக்கிற ஆள்ட போன் எங்க நிக்குது எண்டு பாத்துத்தான் சொல்லுது. கடைப் பேருக்குப் போர்ட்ல எழுதியிருக்கிற பேர் மட்டும்தான் போடலாம், சும்மா சொல்லு அடைச்சா அது அவங்கட விதிக்குப் பிழை, புரொபைல நிப்பாட்டிப்போடுவாங்க, புறகு திரும்ப எடுக்கிறதுக்கு அலையவேணும். தொதல், மஸ்கட் எல்லாத்தயும் பொருட்கள் பகுதியில விலையோட போடுங்க, விபரத்துக்கு 750 எழுத்து இடம் இருக்கு, அதில எழுதுங்க.

உங்கட நேரத்த ஒழுங்காப் போடுங்க. வாயால கேக்கிற ஆக்கள் விலைய மட்டும் இல்ல, "இப்ப திறந்திருக்கா" எண்டும் கேப்பாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டுறீங்க தானே, அத ரெண்டு துண்டா, காலைல இருந்து பகல் மட்டும் ஒரு துண்டு, தொழுகை முடிஞ்சு இரவு மட்டும் ஒரு துண்டு எண்டு போட ஏலும். பெருநாள், போயாவுக்கு விசேட நேரம் எண்டு தனியா இடம் இருக்கு. திறந்திருக்கு எண்டு போன் சொல்லி, வெயில்ல களுவாஞ்சிகுடியில இருந்து மோட்டர் சைக்கிள்ல வந்த ஆள் பூட்டின கதவப் பாத்தா, அவர் அதுக்குப் புறகு போனையும் நம்பமாட்டார் உங்களையும் நம்பமாட்டார். நான் சொல்றது அனுபவம், அண்டைக்கு வந்த ஆள் நான்தான், உங்கட கடை இல்ல, வேற கடை.

கேள்வி: நான் தளபாடக் கடை வச்சிருக்கன். 2020 ஆகேக்க உலகத்துத் தேடல்ல பாதி குரலாலதான் நடக்கும் எண்டு ஒரு கூட்டத்தில சொன்னாங்க. இப்ப அந்த வருசமும் போய் எவ்வளவோ காலம். எங்கட கடைக்கு அப்பிடிப் பாதிப் பேர் வாறதாத் தெரியல்லயே.
வியாபாரி, மட்டக்களப்பு ரவுண்

பதில்: ஐயா, அந்தக் கதை சுத்திச் சுத்தி எல்லா மேடையிலயும் வருது. அடி வேர் 2014ல. சீனாட பைடு எண்ட தேடல் கொம்பனியில தலைமை விஞ்ஞானியா இருந்த அன்ட்ரூ இங் ஒரு பேட்டியில சொன்னார், அஞ்சு வருசத்தில தேடல்ல பாதியாவது குரலாலயோ படத்தாலயோ நடக்கும் எண்டு. அவர் படத்தயும் சேத்துச் சொன்னார், அதுவும் ஒரு எதிர்பார்ப்பாத்தான் சொன்னார். கை மாறிக் கை மாறி வரேக்க படம் விழுந்துபோச்சு, எதிர்பார்ப்பு புள்ளிவிபரமாப் போச்சு. அதக் கேட்டுப் பயந்து காசு கொட்டத் தேவையில்ல.

ஆனா உங்கட கடையில "நாற்காலி", "பீரோ" எண்டு போட்டு வச்சிருக்கிறீங்க, அது எனக்கு விளங்கல்ல. மட்டக்களப்பில ஆர் ஐயா நாற்காலி வாங்குற? கதிரை, அலுமாரி எண்டு மாத்துங்க. ஒரு பின்னேர வேலைதான், அதுக்குக் குரல் தேடலும் தேவையில்ல, கையால தேடுற ஆக்களும் கதிரை எண்டுதான் அடிப்பாங்க.

கேள்வி: அண்ணன், மேல சொன்ன மாதிரி எங்கட ஊர்ச் சொல்லப் போட்டா வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கும் இந்தியாப் பேர் பழகின ஆக்களுக்கும் விளங்குமா? எங்கட பலசரக்குக் கடைக்கு லண்டன், கனடால இருந்து அம்மா அப்பாவுக்கு ஓடர் பண்ணுற ஆக்கள்தான் கூட.
பலசரக்குக் கடை, களுவாஞ்சிகுடி

பதில்: (மேல சொன்ன மாதிரி எண்டு எழுதியிருக்கிறது நான் சேத்தது, கேள்வியத் தொடுக்கிறதுக்காக.) அக்கா, டைட்டிலுக்கு எங்கட சொல்லு, விபரத்துக்குள்ள ஒரு வசனத்தில மற்றச் சொல்லு. கச்சான், நிலக்கடலை எண்டும் சொல்லுவாங்க. குரக்கன் மா, இந்தியால கேழ்வரகு, ராகி. கஜு எண்டுறது முந்திரிப் பருப்பு. சவர்க்காரத்துக்குச் சோப், சப்பாத்துக்கு ஷூ. கதைக்கிற மாதிரி ஒரு தரம் வந்தாக் காணும், கமா போட்டு இருபது பேர வரிசையா அடுக்கிறது வாசிக்கிறவனுக்கும் எரிச்சல் கூகுளுக்கும் எரிச்சல்.

சீனிதான் பொல்லாதது. எங்களுக்குச் சீனி எண்டா வெள்ளைச் சீனி, சக்கரை எண்டா வேற சாமான். தமிழ்நாட்டில டவுன் பக்கம் சர்க்கரை எண்டு கேட்டா வெள்ளைச் சீனியத் தருவாங்க. அதனால பொங்கலுக்குச் சக்கரை விக்கிற ஆள் சும்மா சர்க்கரை எண்டு போட்டா தேடுறதெல்லாம் சீனியோட கலந்துபோகும். பொங்கலுக்குப் போடுற சக்கரை, இல்லாட்டி பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி எண்டு சாமான்ட முழுப் பேரச் சொல்லுங்க.

வெளிநாட்டு ஆக்கள் கதைக்கேக்க டெலிவரி, ஓடர், பார்சல் எண்டு கலந்துதான் கதைப்பாங்க. தமிழ்ல குரல் வச்சிருந்தா போன் அந்தச் சொல்ல பெரும்பாலும் தமிழ் எழுத்திலயே எழுதுது, நான் பாத்த அளவில. அதனால "மனைக்கே கொண்டுவந்து ஒப்படைக்கும் சேவை" எண்டு எழுதி வைக்காம "களுவாஞ்சிகுடி, பட்டிருப்பு, செட்டிபாளையம் வீடு வீடா டெலிவரி" எண்டு எழுதுங்க. இங்கிலீஷ்ல கேக்கிற பிள்ளைகளுக்காக அதே விசயத்த இங்கிலீஷ்லயும் ரெண்டு வரி கீழ.

கேள்வி: கடைகளுக்கு வெப்சைட் செய்து குடுக்கிறன். ஸ்கீமா போட்டா குரல் தேடலுக்கு உதவுமா? எஃப்ஏகியூ ஸ்கீமா, ஸ்பீக்கபிள் எல்லாம் போடச் சொல்லி யூடியூப்ல சொல்றாங்க.
வெப் டிசைனர், கல்முனை

பதில்: தம்பி, மத்த வாசகர்கள் இந்தக் கேள்வியத் தாண்டிப் போகலாம். ஸ்கீமா எண்டுறது 2011ல கூகுள், பிங், யாகூ சேந்து தொடங்கினது, பக்கத்தில எது பேர் எது விலை எண்டு மெசினுக்குக் காட்டிக் குடுக்கிற லேபல். புரொடக்ட் ஸ்கீமாவ ஒழுங்காப் போடுங்க, பேர், படம், விலை, இருக்கா முடிஞ்சுதா. காசுக்கு இலங்கை ரூபாட குறியீடு எல்கேஆர் எண்டு போடுங்க, விலையில கமா போடாதீங்க, 1950 எண்டு வெறும் இலக்கம். பக்கத்தில ஒரு விலை ஸ்கீமாக்குள்ள ஒரு விலை எண்டு விடாதீங்க, சாமான் முடிஞ்சா ஸ்கீமாவும் மாறவேணும். பார்கோட் இருக்கிற சாமானெண்டா அதயும் குடுங்க, இலங்கையில எடுத்த பார்கோட் 479ல தொடங்கும். புறகு ஸ்கீமா சரியா எண்டு கூகுள்ட ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்ல போட்டுப் பாருங்க, இலவசம்.

எஃப்ஏகியூ, அதாவது கேள்வி பதிலுக்குப் போடுற ஸ்கீமாவ 2023 ஆகஸ்ட்ல கூகுள் சுருக்கிப்போட்டுது, அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்குத்தான் எண்டு சொல்லிட்டாங்க, கருவாட்டுக் கடைக்கு அதால ஒண்டும் இல்ல. ஆனா பக்கத்தில கேள்வியும் பதிலுமா எழுதுறது நல்லதுதான், ஆக்கள் வாசிப்பாங்க. ஸ்பீக்கபிள், அதாவது வாசிச்சுக் காட்டவேண்டிய பகுதிக்குப் போடுற லேபல், செய்தித் தளங்களுக்கும் இங்கிலீஷுக்கும் எண்டு வந்தது, அதுக்குக் கடைக்காரனிட்ட காசு வாங்காதீங்க.

கேள்வி: அறுகம்பையில சேர்ஃப் போர்ட் வாடகைக்குக் குடுக்கிறம். எங்கட ஆக்களெல்லாம் வெள்ளைக்காரங்க. தமிழ்ல எழுதி என்ன பிரயோசனம்?
வாசகர், பொத்துவில்

பதில்: ஒரு பிரயோசனமும் இல்ல, இங்கிலீஷ்லயே எழுதுங்க. ஆனா அதே கொப்பி வேலைதான், அவங்க கடற்கரையில உங்களிட்ட என்ன கேக்கிறாங்களோ அதே சொல்லில. ஒரு நாளைக்கு எவ்வளவு, பழகாத ஆளுக்குப் போர்ட் இருக்கா, பழக்கிவிட ஆள் இருக்கா, காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க. சீசன் முடிஞ்சு பூட்டினா பூட்டிட்டம் எண்டும் போடுங்க.

கேள்வி: குரல் தேடல் கோர்ஸ் எண்டு ஒரு இடத்தில 25,000 ரூபா கேக்கிறாங்க. முடிஞ்சாப் புறகு மாதம் மாதம் எத்தனை பேர் வாயால தேடி வந்தாங்க எண்டு ரிப்போர்ட்டும் தருவாங்களாம். சேரலாமா?
பெயர் வேணாம், அக்கரைப்பற்று

பதில்: அந்த ரிப்போர்ட்ட எங்க இருந்து எடுப்பீங்க எண்டு ஒருக்காக் கேளுங்க. கூகுள் தாற சேர்ச் கொன்சோல்ல ஆக்கள் என்ன சொல்லுப் போட்டுத் தேடி வந்தாங்க எண்டு பாக்கலாம், அதுவும் இலவசம், ஆனா அதில எது வாயால வந்தது எது விரலால வந்தது எண்டு பிரிச்சுக் காட்டுறதில்ல. நீளமா கேள்வி மாதிரி இருக்கிற வசனங்களப் பாத்து இது வாயால கேட்டிருப்பாங்க போல எண்டு நாமளா ஊகிக்கலாம், அவ்வளவுதான். அவங்களிட்ட நல்ல பதில் இருந்தா சேருங்க. இல்லாட்டி அந்தக் காசில ஒரு நல்ல போனும் ஒரு நாப்பது பக்கக் கொப்பியும் வாங்கலாம், போன் கொஞ்சம் பழசா வரும்.

ஆரையம்பதித் தங்கச்சிக்கு ஒரு வரி: அடுத்த கூனி காயப்போட்டதும் எனக்கு அரைக் கிலோ எடுத்து வைங்க. விலைக்கு நான் இன்பொக்ஸ் வரமாட்டன், பக்கத்திலயே போடுங்க.